நோயில் உதவியவர்களைக் கண்டால் ஏன் ஒதுங்கத் தோன்றுகிறது? அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: எனக்கு இரத்தப் புற்றுநோய் (ஏ.எம்.எல்.) வந்து, சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது நலமாக இருக்கிறேன். அந்த நாட்களில் தங்கை தன் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் என் மகனைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கணவரின் அலுவலகத்தில் வசூல் செய்து கொடுத்தார்கள். முகம் தெரியாத கல்லூரிப் பையன்கள் வந்து பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) கொடுத்தார்கள். இத்தனை பேருக்கும் எப்படி நன்றி சொல்வது? உண்மையைச் சொன்னால், இவர்களில் சிலரைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போய்விடுகிறேன். நான் நன்றி கெட்டவளா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நன்றி கெட்டவர்கள் ஒதுங்கிப் போவதில்லை. எதுவுமே நடக்காததுபோல எதிரே வந்து கதை பேசுவார்கள்.

ஓய்வு பெறும்வரை இரத்தப் புற்றுநோய் வார்டில் செவிலியாக வேலை பார்த்தவள் நான். நீங்கள் சொல்லும் இந்த ஒதுங்கலைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். மறுபரிசோதனைக்கு வருகிறவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வார்டு இருக்கும் பக்கமே திரும்பாமல் லிஃப்டில் ஏறிப் போய்விடுவார்கள். கொஞ்ச நாள் எனக்கும் அது வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. அந்த வார்டில் நாங்கள் அவர்களை எப்படிப் பார்த்தோம்? தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்க, வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல், படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டு அழுதபடி இருந்ததைப் பார்த்தோம். நன்றாக உடுத்தி, நெற்றியில் பொட்டு வைத்து, கைப்பையோடு நிற்கும் ஒருவருக்கு அந்தக் கோலத்தை நினைவூட்டுகிற முகங்கள் நாங்கள். கடன் வாங்கியதற்கான கூச்சம் ஒரு பங்கு என்றால், பார்க்கக் கூடாத நிலையில் பார்க்கப்பட்டோம் என்ற கூச்சம் மூன்று பங்கு. இந்த இரண்டாவது கூச்சத்தை எந்தப் பரிசுப் பொருளாலும் தீர்க்க முடியாது. அது அவர்களோடு சாதாரணமாக நாலு முறை பேசிப் பழகினால் போகும். முதல் முறை கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மற்றொரு சிக்கல், நம் ஊரில் கொடுக்கல் வாங்கலுக்கு இருக்கும் பழக்கம். கல்யாணத்தில் ஆயிரம் ரூபாய் எழுதியவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் ஆயிரத்து ஒன்றாவது எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். நோயில் கிடைத்த உதவியையும் நம் மனது அந்த மொய் நோட்டில்தான் எழுதிக்கொள்கிறது. பிறகு திருப்பி எழுத வழி தெரியாமல் தவிக்கிறது. உங்களுக்குச் சமைத்துப் போட்டவருக்குப் புற்றுநோய் வரட்டும் என்றா காத்திருக்க முடியும்? ஆகவே கடனாக வந்தவற்றைத் தனியே பிரித்து எடுங்கள். மீதமிருப்பது கடன் அல்ல.

கடன் என்று முதலில் நிற்பது தங்கையின் நகை. இதில் நான் கொஞ்சம் கறாரானவள். உடன்பிறந்தவள்தானே என்று இழுத்தடிக்காதீர்கள். அவள் கேட்க மாட்டாள். கேட்காததாலேயே அது முதலில் திரும்ப வேண்டும். நகையை மீட்கும் தொகை மட்டும் கணக்கல்ல. இத்தனை மாதமாக வட்டி கட்டி, ரசீதை மாற்றி வைத்து வந்தது யார்? அவளா, அவள் கணவரா? அந்த வட்டியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, சொன்ன தேதியில் கொடுங்கள். தங்கை தன் புகுந்த வீட்டில் இதற்காக என்னென்ன கேட்டுக்கொண்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் நேர்ந்துகொண்டது அடுத்த வருடம்வரை பொறுக்கும். சாமி வட்டி கேட்பதில்லை. அடகுக் கடை கேட்கும்.

அலுவலக வசூலுக்குத் தேவை ஒரு கணக்கு. எவ்வளவு வந்தது, மருந்துக்கு எவ்வளவு, பரிசோதனைகளுக்கு எவ்வளவு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு காப்பீட்டிலோ எவ்வளவு கிடைத்தது என்பதை உங்கள் கணவர் ஒரு பக்கத்தில் எழுதி, வசூல் செய்தவரிடம் கொடுக்கட்டும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் கொடுத்த ஒவ்வொருவருக்கும், தன் பணம் எதில் போய்ச் சேர்ந்தது என்று தெரிவது ஒரு நிறைவு. மீதம் இருந்தால் ‘இதை என்ன செய்யலாம்?’ என்று அவர்களையே கேளுங்கள். அடுத்த முறை அந்த அலுவலகத்தில் வேறு யாருக்காவது வசூல் செய்ய வேண்டி வந்தால், உங்கள் கணவர் கொடுத்த அந்த ஒரு பக்கம் அதைச் சுலபமாக்கிவிடும்.

அந்தப் பையன்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேட்லெட் கொடுப்பது என்றால் என்ன என்று நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் காய்ச்சலில் கிடந்திருப்பீர்கள்.

உங்கள் நோய்க்கான முதல் கட்ட கீமோ, வழக்கமாக ஏழு நாட்களுக்கு ஒரு மருந்தும் அதில் மூன்று நாட்களுக்கு இன்னொரு மருந்துமாகப் போகும். அது புற்றணுக்களோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையின் நல்ல அணுக்களையும் துடைத்துவிடும். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம்வரை இருக்க வேண்டிய பிளேட்லெட், பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் இரத்தக் கசிவு தானாகவே தொடங்கலாம் என்பதால் வெளியிலிருந்து ஏற்றுவார்கள். ஏற்றியது நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. காய்ச்சல் வந்துவிட்டால் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். சிவப்பணுக்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல்கூட வைத்திருக்கலாம். பிளேட்லெட்டை அப்படி வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஆயுள் 5 நாள்தான். ஆகவே முன்கூட்டியே சேர்த்து வைப்பது நடக்காது. ‘நாளைக்கு ஒரு எஸ்.டி.பி. (ஒரே ஆளிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட்) வேண்டும், ஆளை வரச் சொல்லுங்கள்’ என்று உங்கள் கணவரிடம் சொல்லியிருப்பார்கள். அவர் இரவெல்லாம் வாட்ஸ்அப்பில் ஊரையே தட்டியிருப்பார்.

அதைப் பார்த்து வந்தவன் ஒரு பத்தொன்பது, இருபது வயதுப் பையன். முதலில் கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அவனுடைய பிளேட்லெட் போதாது என்றாலோ, தலைவலிக்கு இரண்டு நாளைக்கு முன் ஆஸ்பிரின் போட்டிருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேறினால் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, சாதாரண ஊசியைவிடத் தடித்த ஊசியைக் கையில் செருகுவார்கள். இரத்தம் இயந்திரத்துக்குப் போய், பிளேட்லெட் மட்டும் பிரிந்து, மீதி அவன் உடம்புக்கே திரும்பும். இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையை மடக்க முடியாது. இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பில் கால்சியத்தைக் குறைப்பதால் உதடு மதமதக்கும், விரல் நுனி குறுகுறுக்கும். ‘அக்கா, வாயைச் சுற்றி என்னவோ செய்கிறது’ என்பான். கால்சியம் மாத்திரை கொடுத்துச் சப்பச் சொல்வார்கள். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பை நிறையும். அவன் அதை ஆச்சரியத்தோடு பார்த்து, ‘இவ்வளவுதானா?’ என்பான். பழரசம் குடித்துவிட்டு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்விடுவான்.

அந்தப் பையனுக்குக் கதையின் முடிவு தெரியாது. அந்த அம்மா பிழைத்தாரா, இல்லையா? கேட்கக் கூச்சம், கேட்டு, கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயம். உங்கள் கணவரின் கைப்பேசியில் அந்த எண்கள் இன்னும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அனுப்புங்கள். ‘இந்தத் தேதியில் நீங்கள் வந்து பிளேட்லெட் கொடுத்தீர்கள். அது எனக்குத்தான் ஏறியது. சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன்.’ போதும். நீங்கள் எழுதப்போகிற எல்லா நன்றிக் கடிதங்களிலும் இதற்குத்தான் வேலை அதிகம். எண் இல்லையென்றால், வந்தவர்களின் கல்லூரியில் இரத்த தானத்தைக் கவனிக்கும் நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியருக்கு அனுப்பினால் அவர் சேர்த்துவிடுவார். இரத்த வங்கியில் ஏற்கெனவே இருந்த இரத்தமும் உங்களுக்கு ஏறியிருக்கும். அதைக் கொடுத்தவர் யார் என்று வங்கி சொல்லாது, சொல்லவும் கூடாது. வங்கிக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். பல இடங்களில் அதை தானம் செய்வோர் உட்காரும் அறையில் ஒட்டி வைப்பார்கள்.

பையன்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று ஒருவேளை யோசித்திருப்பீர்கள். கூடாது. ஒரு காலத்தில் இரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் மருத்துவமனை வாசல்களில் நின்றார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் வாங்குவது நாட்டில் தடை செய்யப்பட்டது. இரத்த வங்கி உங்களிடம் வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்கும் ஆன செலவு. கொடுத்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

‘நானும் இரத்தம் கொடுத்துக் கடனைத் தீர்ப்பேன்’ என்று குணமானவர்கள் பலர் கிளம்பி வருவார்கள். உங்களால் முடியாது. இரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடம் இங்கே பிறகு எப்போதும் இரத்தம் எடுக்க மாட்டார்கள். இதைக் கேட்டு வார்டிலேயே அழுதவர்கள் உண்டு. உங்கள் கணவர் கொடுக்கலாம், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தங்கை கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. மகனுக்கு 18 வயது ஆகட்டும். உங்களால் ஆவது வேறொன்று. அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ இரத்த தான நாள், கல்லூரிகளில் அதையொட்டி முகாம் வைப்பார்கள். அங்கே போய் ஐந்து நிமிடம் நின்று, ‘எனக்கு ஏறியது உங்களைப் போன்ற பையன்களின் இரத்தம்’ என்று சொல்லுங்கள். ஊசிக்குப் பயந்து கடைசி வரிசையில் நிற்பவனுக்கு மருத்துவரின் சொற்பொழிவைவிட அது நன்றாகப் புரியும்.

மருத்துவமனை ஆட்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆதாயம் கருதி இல்லை, எனக்கு இப்போது ஓய்வூதியம்தான் வருகிறது. இனிப்புப் பெட்டி நல்லது. எல்லாரும் பிரித்துத் தின்போம். பணம் வேண்டாம். அரசு ஊழியரென்றால் வாங்குவதே குற்றம். தனியார் இடத்திலும் அது அடுத்த நோயாளியின் தலையில்தான் விடியும். ‘போன பெட் அம்மா ஐந்நூறு கொடுத்தார்கள்’ என்ற பேச்சு வார்டில் வந்துவிட்டால் இல்லாதவர்கள் கூனிக் குறுகிப்போவார்கள். அதைவிட நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வார்டு, எந்த மாதம், யார் பெயர், என்ன செய்தார் என்று குறிப்பாக எழுதுங்கள். மருத்துவமனைகளில் புகார்தான் கோப்பில் ஏறுகிறது. பாராட்டு வாயோடு போய்விடுகிறது. துப்புரவு செய்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் பாராட்டுப் பட்டியலிலும் வராது.

எங்கள் வார்டில் இரவுப் பணியில் ஓர் ஆயாம்மா இருந்தார். பேச்சு அதிகம் கிடையாது, முகமும் கொஞ்சம் கடுகடுப்பு. சிகிச்சை முடிந்து போன ஒரு பெண், மறுபரிசோதனைக்கு வந்தவர், அவரைத் தேடி வந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கதவருகே நின்று கூப்பிட்டு அனுப்பினார். ஆயாம்மா, ஏதோ புகார் என்று நினைத்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே போனார். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: ‘அன்றைக்கு ராத்திரி மூன்று தடவை வாந்தி எடுத்தேன். மூன்று தடவையும் நீங்கள் விரிப்பை மாற்றினீர்கள். மூன்றாவது தடவையும் முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.’ ஆயாம்மா ‘அதனால் என்னம்மா, அது என் வேலைதானே’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு மருந்தகத்து ஆள் முதல் லிஃப்ட்காரர்வரை எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்துவிட்டது.

நன்றி சொல்லும் முறை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ‘நீங்கள் செய்ததை ஏழு பிறவிக்கும் மறக்க மாட்டேன்’, ‘நீங்கள்தான் என் தெய்வம்’ என்றால் கேட்பவருக்குக் கூச்சமாகிவிடும். அவர் உடனே ‘நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்’ என்று தப்பிக்கப் பார்ப்பார். செய்த ஒரு காரியத்தை, அது உங்களுக்கு என்ன செய்தது என்பதோடு சேர்த்துச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

இதே காரணத்தால்தான் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே விருந்தாகப் போட்டு முடித்துவிடலாம் என்ற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. விருந்து வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கையைக் குவித்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது யாரையும் போய்ச் சேராது.

சிலருடைய உதவியை நீங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் விழுந்திருந்த நாட்களில் யாரோ ஆசையாகப் பழம் வாங்கி வந்திருப்பார்கள், கோயில் பிரசாதம் கொண்டு வந்திருப்பார்கள், வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டி வந்திருப்பார்கள். வாசலிலேயே நிறுத்தி, ‘வெளிச் சாப்பாடு கூடாது, ஆட்கள் வரக் கூடாது’ என்று நாங்கள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பியிருப்போம். அந்தக் கட்டத்தில் 100.4 டிகிரி காய்ச்சலே அவசர நிலை. எங்களுக்கு மரியாதை பார்க்க நேரமில்லை. அந்தத் தயிர்சாதக்காரருக்கும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அவர் தன்னை உதவியவர்கள் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார். வராமலே இருந்துவிட்ட உறவினர்கள் விஷயத்தைக் கிளறாதீர்கள். மருத்துவமனை வாசனையைக் கண்டாலே நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்போது ஆட்கள் வராமல் இருந்ததும் ஒரு வகையில் நல்லதே.

நன்கொடை கொடுக்க நினைத்தால் நகையும் கடன்களும் தீர்ந்த பிறகு கொடுங்கள், அவசரமில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தது 1923-இல். அவர் முயன்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது 1954-இல். மனதில் இருப்பது நிஜமென்றால் முப்பது வருடம் கழித்தும் அது வழி கண்டுபிடிக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒருவர் இல்லை. தங்கை இருக்கிறாள், கீழ்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், அலுவலகம் இருக்கிறது. கணவர், வசூல் வந்த அலுவலகத்தின் முகவரியாக மட்டும் வருகிறார். அட்டெண்டர் பாஸை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் பாய் விரித்து, பெயரைக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டுமென்று பாதித் தூக்கத்தில் கிடந்தவர் அவர். ஒவ்வொரு காலையும் ‘கவுண்ட் ஏறிவிட்டதா சிஸ்டர்?’ என்று கேட்பவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலில் படுத்திருக்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உள்ளே வரும்போது அதை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். கணவன் மனைவிக்குள் நன்றி எதற்கு என்பார்கள். சொல்லிப் பாருங்கள். அதோடு அவரை அழைத்துக்கொண்டு போய் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண், பல் எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். துணைக்கு இருப்பவர்கள் நோயாளியின் மருந்தை வேளை தவறாமல் கொடுப்பார்கள். தங்கள் மாத்திரையை மாதக்கணக்கில் மறந்திருப்பார்கள்.

கீழ்வீட்டுக்காரர்களைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மகனை விட்டே முதலில் நன்றி சொல்ல வையுங்கள். அவன் சாப்பிட்ட சோறு, அவனுக்குத்தான் ருசி தெரியும். ஆனால் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே இப்போது இருக்கும் சங்கடம் வேறு. நோய் வந்து போன வீட்டிடம் அக்கம்பக்கத்தார் தங்கள் கஷ்டத்தைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். ‘அவளே இவ்வளவு பட்டுவிட்டாள், அவளிடம் போய் இதைச் சொல்வதா?’ என்று மறைத்துவிடுவார்கள். முன்பு மாவு கேட்டு மாடிக்கு வந்தவர்கள் இப்போது கேட்பதில்லை அல்லவா? நீங்கள் என்றென்றைக்கும் வாங்குகிறவர், அவர்கள் என்றென்றைக்கும் கொடுக்கிறவர் என்று ஆகிவிட்டதுதான் உங்கள் கழுத்தைக் குனிய வைக்கிறது. நன்றி சொன்னதோடு இது மாறாது. அவர்கள் உங்களிடம் மறுபடியும் எதையாவது கேட்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். அந்த வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார்கள், கண்ணில் புரை என்றோ மூட்டு வலி என்றோ மருத்துவமனைக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘என்றைக்குப் போகிறீர்கள், நான் உடன் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தச் சீட்டை எங்கே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊரில் உங்களைவிட யாருக்குத் தெரியும்? கூட்டமாக இருக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் உங்களுடைய கடைசி இரத்தப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.